வெள்ளைச் சேர்ட்

சுன்னாகம் சந்தை கலைகிற நேரம்
சாருஜனின் அம்மா அச்சகத்துக்கு வந்தா.
தொலைபேசித் திரையில் அவன்
பச்சையும் மண்ணும் குழம்பிய உடுப்பில்
முழங்காலளவு பனிக்குள் நின்று சிரிக்கிறான்.
"ஊரில எடுத்ததெல்லாம் பள்ளிக்கூட முகம் தம்பி.
இதிலதான் தாடி வந்திருக்கு.
உடுப்பை மட்டும் கழட்டி விடு."

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு.
போன கிழமை செத்தவரின் கோப்பைத் திறந்து
அவர் பெயரை அழித்து
இவன் பெயரை அடிக்கிறேன்.
பதிகங்கள் அப்படியே இருக்கலாம்.
நன்றி நவிலலும் அப்படியே.
பேரப்பிள்ளைகள் என்ற வரியை எடுக்க வேண்டும்.
மருமக்கள் என்ற வரியையும்.

காணி உறுதியை ஈடு வைத்து
பிரான்சுக்கு என்றுதான் ஏற்றினார்கள்.
மொஸ்கோவில் இரண்டு கிழமை, ஒரு அறையில் பதினொரு பேர்.
பிறகு ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு துவக்கு.
ஆருடைய சண்டையடா என்று கேட்டேன்.
"ஆருக்குத் தெரியும் மச்சான்.
'தவாய்' எண்டு கத்துவாங்கள்.
வா எண்டாலும் அதுதான், தா எண்டாலும் அதுதான்.
நான் எல்லாத்துக்கும் ஓடுறன்."

ஏழு வயதில், மாத்தளன் மணலில்,
அவனைக் கிடங்குக்குள் கிடத்தி
மேலே குப்புறப் படுத்து
ஷெல்லுக்கு முதுகைக் கொடுத்தவ இவ.
ஒரு துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது,
மாரி தொடங்க முன்னம் அதுதான் முதலில் அறியும்.

எனக்கு வந்த கடைசிக் குரல்:
"அம்மாட்டச் சொல்லிப்போடாத.
இங்கயும் கிடங்குதான் வெட்டுறம்.
நான் நல்லா வெட்டுறனாம்."

சொல்லவில்லை.
இப்போதும் சொல்லவில்லை.
கதிரையை இழுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வந்த கடிதத்தில் முத்திரை இருந்தது, திகதி இல்லை.
உடல் இல்லை.
ஐயர் திதி கேட்கிறார்.
அம்மா தொலைபேசியை நீட்டுகிறா:
கடைசியாகப் பார்த்தது, ஜனவரி பதின்மூன்று, இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
அதற்குக் கீழே
மறுநாள் பொங்கிவழிந்த பானையின் படம்,
ஒற்றைச் சாம்பல் சரியடையாளத்தோடு.

அங்கத்தைய நேரமா, இங்கத்தையதா?
இரண்டரை மணித்தியாலத்தில் திதி மாறக்கூடும் என்றார் ஐயர்.
"இங்கத்தையதைப் போடுங்கோ.
அவன் இங்கத்தையாள்."

வெண்பா எழுதும் வாத்தியாருக்கு
அந்த ஊரின் பெயர் தளைக்குள் அடங்கவில்லை.
வடதேயம் என்று போட்டு
காசு வாங்காமல் போனார்.

உடுப்பைக் கழற்றினேன்.
கழுத்துக்குக் கீழே வெறும் கட்டங்கள்.
சேர்ட் தேடி, கடைசியில்
என் அடையாள அட்டைப் படத்தைத் திறந்தேன்.
ஒரே வகுப்பு, ஒரே வாங்கு,
என் தோளில் அவன் தலை பொருந்தத்தான் செய்தது.
வெளிச்சம்தான் பொருந்தவில்லை.
எனக்கு ஸ்டூடியோ விளக்கு மேலிருந்து விழுகிறது.
அவனுக்குப் பனியிலிருந்து,
கீழிருந்து,
நாடிக்கு அடியில்.
எவ்வளவு கறுப்பு ஏற்றினாலும்
அந்த இடம் விடிந்தே கிடந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
நெடுநேரம் பார்த்தா.
"கொலர் பெரிசாக் கிடக்கு தம்பி.
நல்லா மெலிஞ்சுதான் போனான் என்ன."

கொலரைக் கொஞ்சம் இறுக்கினேன்.