துணைக்கால்

மே மாதக் கொழும்பில்
வேர்ப்பதற்குக் காசு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.
கீழே இறங்கி
கொள்ளுப்பிட்டிச் சந்தி மட்டும் நடந்தால் இலவசம் என்று
நான் யாருக்கும் சொல்வதில்லை.
பதினோராம் மாடியில் எனக்குச் சம்பளம்
அந்தச் சூட்டுக்குத்தான்.

பலகை அடித்த அறை ஒன்று, எண்பது பாகை.
பக்கத்தில் குமிழி விடுகிற சுடுதண்ணித் தொட்டி.
கதவில் மூன்று பாஷையில் அறிவித்தல்.
சிங்களம் சரி. இங்கிலிஷ் சரி.
தமிழ் மட்டும்
‘மது அருந்தியவர்கள் உள்ளே வர வேண்டும்.’

நாலு மாதமாய்ச் சொல்கிறேன்.
“ரெஜி, அதை ஆர் வாசிக்கிறது?”
ஜயக்கொடி சேர் அவ்வளவுதான் சொல்வார்.

அன்றிரவு வாசித்துவிட்டு வந்தவர்கள் போல
மாப்பிள்ளையும் ஆறு தோழர்களும்.
விடிந்தால் கலியாணம்.
தென்னஞ்சாராயம், சோடா, கடதாசிக் கோப்பைகள்.
“தண்ணி போட்டுட்டுத் தண்ணிக்குள்ள இறங்காதீங்கோ” என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.
ஒருவன் என் தோளைத் தட்டினான்.
தட்டின கை ஏற்கெனவே சுட்டது.

சூடு வந்தால் இரத்தக் குழாய்கள் அகலத் திறக்கும்.
சாராயமும் அதே கதவைத்தான் திறக்கும்.
இருவரும் ஒன்றாய் வந்தால்
இரத்தமெல்லாம் தோலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும்,
தலைக்கு ஏற ஆள் இராது.
‘போதும், எழும்பு’ என்று உடம்பு அடிக்கிற மணியையும்
போத்தல்காரன் முதலே கழற்றி வைத்திருப்பான்.
இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.
துவாய் கேட்பார்கள்.

ஏழு துவாய் கொடுத்தேன்.
லிஃப்ட் மூன்று தரம் இறங்கியது.
கூடையில் ஆறு.

பிறகும் எண்ணினேன். ஆறு.
வாங்கில் ஒரு போன் தனியே கிடந்து துடித்தது.
திரையில் ‘தர்ஷாயினி’,
நின்று, திரும்பவும் ‘தர்ஷாயினி’.

மேல் தட்டில் தனியாய் இருந்தான் அகிலேசன்,
முகம் செங்கல்.
“சுகமா இருக்கண்ணை” என்றான்.
என்னைக் கண்ட மரியாதைக்குச் சட்டென்று எழும்பினான்.
அந்த எழும்பல்தான்.
கால் இரண்டும் அவனுடையதில்லை என்று போயின,
புருவம் வாங்கு விளிம்பில்.

கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன்.
என் முழங்காலில் சாய்ந்தவன்
நனைந்த அரிசி மூட்டையின் பாரம்.
“குளிர்த் தொட்டிக்குள்ள போடுவமா?” ஃபஸ்மின் கேட்டான்.
வேண்டாம் என்றேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.
ஓட்டுத் தரையில் கிடத்தி, காலடியில் நாலு துவாய்,
கழுத்தில் ஈரத்துணி, காற்றாடி.
டொக்டர் வந்தார், தையல் வேண்டியிருக்கவில்லை.
பேச்சு வந்த பிறகுதான் தண்ணீர்,
முடறு முடறாய்.

“வீட்டில சொல்லிடாதீங்கோ.”
போன் திரும்பவும் துடித்தது.
காதில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.
அவளுக்கு என்ன சொன்னானோ,
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஒன்றும் புனிதனில்லை.
கொட்டாஞ்சேனை வீட்டுக் குளிர்பெட்டியில்
ஒரு பியர் எனக்காக வேர்த்துக்கொண்டிருக்கும்.
இரண்டு வாளி பச்சைத்தண்ணி ஊற்றி
உடம்பு ஆறி
சாரத்தை மாற்றிய பிறகுதான் அதன் முறை.

நாலரைக்கு வேலை முடிந்தது.
கரையோரத்தில் முதல் ரயிலுக்குச் சத்தம் இல்லை இன்னும்.
லொக்கர் திறப்பை எடுத்து
‘டு’வின் கீழ்வளைவைச் சுரண்டினேன்.
கறுப்புப் பேனையால் பக்கத்தில் ஒரு கால் போட்டேன்.

கோணல்தான். நிற்குது.

ஜயக்கொடி சேர் இரண்டு தரம் கடந்து போய்விட்டார்.
இன்னும் காணவில்லை.