போயா நாளில் வந்தவன்

பையில் ஒரு குறிப்பேடு:
ஒன்பது நகரம், நாற்பத்தொரு பியர்,
நுரை எத்தனை விரல், கசப்பு எங்கே நின்றது.
யாழ்ப்பாணத்துக்கு ஒரு பக்கம் விட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வீதி பாருக்குக் குறுக்கே சங்கிலி.
அடுத்த ஹோட்டலில்
பியர்ப் பெட்டிமேல் மேசைவிரிப்பு.
"இண்டைக்குப் போயா" என்றான் றெஜினோல்ட்,
மூன்றாவது கதவில்தான் சொன்னான்.
ஓட்டோ மீற்றர் அதுவரை ஓடியது.

கோண்டாவில் தவறணைக்கும் பூட்டு.
கவிழ்த்து வைத்த ஜக்குகள்,
வாங்கின் கீழ் நேற்றைய கச்சான் கோது,
கம்பி வலைக்குள் ஒரு தேனீ
போய்ப் போய் வந்தது.

பின்வளவுப் பனையிலிருந்து யோகலிங்கம் இறங்கினார்.
"கடையைப் பூட்டலாம்,
பாளைக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"
முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தாராம்:
புளிக்காது, வெறிக்காது,
சட்டத்துக்கும் நோகாது.

பிளா கோலி வார்த்தார்.
இரண்டு மாங்காய்த் துண்டு.
கருப்பணி.
பச்சை ஓலை மணத்தது, நுரை இல்லை.
இனிப்பு பல்லில் கூசி இறங்கியபின்
சுண்ணாம்பு
நாக்கின் ஓரத்தை மெல்லக் கடித்தது.

"நாளைக்கு வாங்கோ, உடன்கள்ளு தாறன்."
நாளை விடிய எனக்கு ரயில்.

றெஜினோல்ட் மூன்றாம் பிளாவுக்குக் கை நீட்டினான்.
ஊரையெல்லாம் பூட்டிய நிலா
வேலிக்கு மேலே முழுசாய் ஏறியது.
அந்த வெளிச்சத்தில்
நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
கசப்பு என்ற இடத்தில் பேனை நின்றது.