அரைப்பேர்

மஸ்கெலியாவிலிருந்து பார்மலின் குப்பியில்
கடுகளவு குடல் வந்திருக்கிறது.
யோகமலர், முப்பத்தாறு, கொழுந்தெடுப்பு.
துண்டில் வேறொன்றும் இல்லை.

பேராதனையில் மழை.
லென்ஸைத் துடைத்து மறுபடி பார்க்கிறேன்.
நரம்பை ஒட்டிப் பழுப்பு நட்சத்திரங்கள்:
கிளையக் கலங்கள்.
நூறு வருசமாய் இவற்றைப் பசை என்றார்கள்,
நரம்பைப் பிடித்து வைக்கிற வெறும் பசை.
செக்ரோலில் அரைப்பேர் போடுவது மாதிரி.

குடற்சுவர் ஒழுகாமல்
அடைத்து நின்றவை இவைதான்.
எதை உள்ளே விடலாம் என்று
நரம்போடு இரவெல்லாம் குசுகுசுத்தவை.

இப்போது வீங்கியிருக்கின்றன.
காவல் நின்றவையே
தீக்குக் கொள்ளி எடுத்துக் கொடுக்கின்றன.
ஏன் என்று முழுக்க யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு.
ஏழாம் நம்பர் மலையில் கக்கூஸ் கிடையாது.
வயிறு முறுக்கும்போதெல்லாம்
நிரையை விட்டுக் கீழ்க் கானுக்கு ஓடியிருப்பாள்.
பக்கத்து நிரைக்காரி
யாரும் பார்க்காமல் இரண்டு பிடி
அவள் கூடையில் போட்டிருப்பாள்.
அப்படியும் நிறுவையில் குறைந்திருக்கும்,
என் அம்மாவுக்குக் குறைந்ததுபோல.

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
நாட்பட்ட அழற்சி என்று எழுதுகிறேன்.
மேலே பெயரை மட்டும்
முழுசாக:
சடையன் யோகமலர்.