பதினைந்து நிமிடம்

"எவ்வளவு இழக்கத் தயார்?"
என்று கேட்டார் ஆலோசகர்.
செனோக்கோ, உறைகிடங்கின் கூட்ட அறை.
ஜன்னலில் சுமத்ராக் காற்று மழையை வாரி அடித்தது.
"ஒன்றையும் இல்லை" என்றார் கணக்குப் பிரிவு குவெக்.
அதற்கான மாதக் கட்டணம் திரையில் வந்தது.
குவெக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு மணி நேரம்?"
ரோஸ்லி விரல் மடக்கினார்:
மணிக்கு ஒன்பது லாரி. வேண்டாம்.
தேக்காவில் வஞ்சிரத்துக்கு நடக்கும் பேரம்தான்.
பதினைந்து நிமிடத்தில் படிந்தது.
நான் குறிப்பில் எழுதினேன்,
இழக்கத்தக்கது: பதினைந்து நிமிடம்.
கீழே மூன்று கையெழுத்து.

அதுவரை எங்கள் பேரிடர்த் திட்டம்
ஒரு நீலப் பெட்டி.
வெள்ளிதோறும் அதை மடியில் வைத்துப்
பேருந்தில் யீஷூன் போவேன்.
எட்டு நாடாக்கள்,
என் துணி அலமாரியில்,
பட்டுப்புடவைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே
ஒரு நிறுவனத்தின் ஆறு வருடம்.
"உன் வீடு தீப்பிடித்தால்?" என்று கேட்டதற்கு
"அன்றைக்கே கிடங்கும் பிடிக்காதே" என்றிருக்கிறேன்.
அதையும் யாரோ திட்டம் என்று கோப்பில் சேர்த்தார்கள்.

முதல் பிரதி மேலேற
பதினோரு இரவு.
மேலே என்பது பேச்சுக்கு.
மேகத்தை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன்:
ஜூரோங் பக்கம் ஜன்னலில்லாத ஒரு கட்டடம்,
வேலி, டீசல் தொட்டி,
எங்கள் இறால்களுக்கு வேர்க்கும், அவ்வளவுதான் குளிர்.
இன்னொரு பிரதி கடல் தாண்டி.
ஊர்ப்பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறது,
போனதில்லை.

ஒத்திகை, சனி இரவு பதினொன்று நாற்பது.
"பிளக்கைப் பிடுங்கு" என்றார் குவெக்.
முறைப்படி அணைக்கலாமே என்றேன்.
"வெள்ளம் முறைப்படியா வரும்?"
பிடுங்கினேன்.
விசிறிகள் ஓய்ந்ததும்
அந்த அறைக்கு இவ்வளவு அமைதி உண்டென்று தெரிந்தது.

இரண்டு ஐம்பதுக்குத் திரை எழுந்தது.
கழித்தல் இருபத்திரண்டு பாகை, எல்லா அறையும்.
ரோஸ்லி ஒரே ஒரு முறை கைதட்டினார்.

அப்போதுதான் கதவைத் தட்டினார் அப்பளசாமி,
மூவார் லாரி, தூக்கக் கண்.
"ரசீது குடு தங்கச்சி, நான் கிளம்பணும்."
தேடினேன்.
கடைசிப் பிரதி பதினொன்று இருபத்தாறுக்கு.
அவர் இறக்கி முடித்தது முப்பத்தொன்றுக்கு.
"அண்ணே, உங்கள் வரவு இல்லை."
"வரவு இல்லைன்னா? வந்து நிக்கறேன்லா!"
திரையில் ஐந்தாம் அறை காலி.
ஐந்தாம் அறைக்குள்
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி இறால்
பனிபிடித்து அடுக்கி நிற்கிறது.
குவெக் திரையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்,
மறுபடி திரையைப் பார்த்தார்.

அப்பளசாமி கைப்பேசியை நீட்டினார்:
பெட்டிகள், கதவு எண், வெப்பமானி, நேரம்.
"ஒருவாட்டி ஏமாந்துட்டேன், இப்ப எல்லாத்தையும் புடிச்சிருவேன்.
எடுத்த உடனே தானா எங்கயோ ஏறிடும்,
மக போட்டுக் குடுத்தா."
எவ்வளவு இழக்கத் தயார் என்று
அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவர் படத்தைப் பார்த்து வரியாக வரியாக
அவரை வரவழைத்தேன்.
அறிக்கையில் எழுதினேன்:
மீட்பு, மூன்று மணி பத்து நிமிடம். இழப்பு, ஒரு லாரி.
குவெக் "லாரி"யை அடித்துவிட்டு
"வரம்புக்குள்" என்று திருத்தினார்.

புதன்கிழமை
பழைய நாடாக்களை அரைக்கும் வண்டி வந்தது.
பையன் எண்ணினான், ஏழு.
சான்றிதழில் முத்திரை குத்தினான், ஏழு.
எட்டாவதை அவன் கேட்கவில்லை.
பட்டியல் என் கையெழுத்து,
அதிலும் ஏழுதான்.