பத்தொன்பது நிமிடம்

நல்ல லோடு டெஸ்டர் அறுநூறு டாலராம்.
அந்தப் பணத்துக்கு என் விமானத்துக்கு
இரண்டு டயர் மாற்றி, எஞ்சின் ஆயிலும் ஊற்றிவிடுவேன்.

ஆல்டோனா பண்ணை ஏலத்தில் ஒன்று வந்தது,
முள் வளைந்து, கவ்விகளில் பச்சை பூத்து.
நாற்பது வரை கேட்டேன்.
கோழிப்பண்ணை ரெம்பல் நாற்பத்தைந்து என்றார்,
எதற்கான சாமான் என்றே தெரியாமல்.

பஸ் ஓட்டி முடித்து ஷெட்டுக்கு வந்த லியோனா
கெட்டுப்போன அறுவடை இயந்திரத்தின்
முகப்பு விளக்கு இரண்டைக் கழற்றி மேசையில் போட்டாள்.
"ஒன்பது ஆம்பியர் தின்னும். போதுமா?"

போதும். ஆல்டர்நேட்டர் வானத்தில் செத்தால்
இக்னிஷனும் ரேடியோவும் கேட்பது அவ்வளவே.

சும்மா கிடக்கையில் பேட்டரி பன்னிரண்டரை காட்டும்.
கடன் கேட்கும்வரை எவனும் தனவான்தான்.

மாட்டினோம்.
வெளியே மைனஸ் இருபது. உள்ளே
துணி போர்த்தாத இறக்கையின் விலா எலும்புகள்
கூரையெங்கும் நிழலாய் ஏறின.
சூரியகாந்தி விதை கொறித்தபடி அவள்
சமையலறை டைமரையே பார்த்திருந்தாள்.
பன்னிரண்டு.
பதினொன்று புள்ளி ஆறு.
பிறகு வெகுநேரம் அதே பதினொன்று.

வெளிச்சம் தேநீர் நிறத்துக்கு இறங்கியதும்
பத்தரைக்குக் கீழே முள் சரிந்தது.
கவ்வியைப் பிடுங்கினேன்.

பேட்டரியின் தலையில் சாக்பீசால்
19 என்று எழுதினாள்.
வரைபடத்தை விரித்து, பென்சிலில் நூல் கட்டி
பத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு வட்டம் போட்டேன்.
மகள் இருக்கும் பிராண்டன்
வட்டத்துக்கு வெளியே, வெகு தள்ளி.

"புது பேட்டரி என்ன விலை?" என்றாள்.

விளக்குகளில் சூடு இன்னும் போகவில்லை.
கையுறையைக் கழற்றி
அவற்றின்மேல் கை வைத்துக்கொண்டேன்.