கண்ணாடி ரோஜா

முதலில் ஒன்றுதான்.
பவளக் கல்லின் இடுக்கில் நொய்யரிசி அளவு,
பழுப்பாய்க் கைவிரித்து நின்றது.
அழகாயிருக்கிறதே என்று படம் எடுத்தேன்.
இன்றைக்கும் அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தொட்டியை விற்ற ஸோலிங்கன்காரருக்கு
விவாகரத்து அவசரம்.
மீன், கல், விளக்கு, அரை மூட்டை உப்பு
எல்லாம் சேர்த்து ஒரே விலை.
கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார்.
எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

இந்த ஊரில் அதற்குப் பெயர் கண்ணாடி ரோஜா.
நாம் கடற்சாமந்தி என்போம்.
இரண்டு மொழியிலும் பூவென்று சொல்லி
ஏமாந்திருக்கிறோம்.
வேரில்லை, இலையில்லை.
நடுவில் ஒரு வாய்.

கிள்ளினேன்.
கிள்ளிய இடத்தில் அடுத்த வாரம் ஏழு.
இடுக்கியின் நிழல் பட்டதும் கல்லுக்குள் சுருங்கிவிடும்,
பாதத்தில் ஒரு துணுக்கை
வெளியே மறந்துவிட்டு.
அந்தத் துணுக்குக்கும் பசிக்கும்.

நான் பல் மருத்துவமனை உதவியாளர்.
வேர்க்குழிக்குச் சுண்ணாம்புப் பசை குழைத்து
டாக்டர் பெத்கே கையில் கொடுப்பவள்.
ஊசி பிடித்தால் நடுங்காது.
வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு;
இரவு பத்தரைக்குப் பம்பை நிறுத்தி
ஒவ்வொரு வாயிலும் ஒரு சொட்டு வைத்தேன்.
"கொஞ்சம் கூசும்" என்று
பழக்கதோஷத்தில் சொல்லியும்விட்டேன்.

வெளியே தொங்குரயில் போனது.
வுப்பர் ஆற்றின் மேல் வௌவாலாய்த் தொங்கியபடி
அது என் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம்
தண்ணீர் லேசாய் நடுங்கும்.
சொட்டு தவறி
இருந்த ஒரே பச்சைப் பவளத்தின் மேல் விழுந்தது.
பவளம் வெளுத்துச் செத்தது.
ரோஜாக்கள் மறுநாள் காலை
கைவிரித்துக் காத்திருந்தன.

கோடு போட்ட இறால் மூன்று வாங்கினேன்.
மீனுக்குப் போட்டதைத் தின்றுவிட்டு
கல்லுக்கடியில் மீசை ஆட்டிக்கொண்டிருந்தன.

பிறகுதான் ஸீகனிலிருந்து அந்தப் பொதி.
அனுப்பியவள் உல்ரிக்கே, பஸ் ஓட்டுகிறாள்,
முகம் பார்த்ததில்லை.
தெர்மோகோல் பெட்டி, கைச்சூட்டில் ஒரு வெப்பப்பை,
குப்பிக்குள் ஆறு நத்தைகள்.
ஓடில்லை. நகத்தளவு உடம்பு,
முதுகெல்லாம் சாம்பல் சடை.
சீட்டில் எழுதியிருந்தாள்:
இறாலை வெளியேற்று. பகலில் தேடாதே.
முடிந்ததும் திருப்பி அனுப்பு.

ஒன்பது வாரம்.
விட்ட காசு போனதென்றே இருந்தேன்.
ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு
சிவப்பு டார்ச்சோடு எழுந்து பார்த்தால்
ரோஜாவின் தண்டைக் கட்டிக்கொண்டு
முகம் புதைத்து ஒன்று.
முத்தமென்று தோன்றும் தூரத்தில்தான் நின்றேன்.
நெருங்கியதும் தெரிந்தது, தண்டு பாதி இல்லை.

மார்ச் கடைசியில் கல் வெறும் கல்லாயிருந்தது.
எண்ணினேன், பூஜ்யம்.
நிம்மதியாய்த் தூங்கப் போகவேண்டியவள்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் நத்தைகள் ஏறின, இறங்கின,
ஏறிய வழியிலேயே மறுபடி ஏறின.
பதினொன்று. பெருகியிருக்கின்றன, பாவிகள்.
பாசி வேண்டாம், மீன்தூள் வேண்டாம்,
என் எதிரியைத் தவிர
அவற்றுக்கு உலகத்தில் வேறு சோறில்லை.

உல்ரிக்கேவுக்கு எழுதினேன்: முடிந்தது. பட்டினி.
பதில் வந்தது: என் தொட்டியும் சுத்தம்.
கோப்லென்ஸில் ஒருவருக்குத் தேவையாம்,
செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

அன்றைக்கு வியாழன்.

தரையில் குப்புறப் படுத்து
வடிகட்டிப் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்தேன்.
வெளிச்சம் எட்டாத மூலையில்,
குழாயும் கண்ணாடியும் ஒட்டுகிற இடத்தில்
இருந்தது.
ஒன்றே ஒன்று. நொய்யரிசி.
நிழல் பட்டுச் சுருங்குமுன் சுரண்டியெடுத்து
பிளம்ஸ் ஜாம் பாட்டிலில் விட்டேன்.
இடுக்கியை எடுத்தேன்.
இந்த முறை துணுக்கு சிதறட்டும் என்றே
கிள்ளினேன்.

நான்கு துணுக்கு, பதினொரு வாய்.
மூடியில் தேதி எழுதி வைத்தேன், வேலைப் பழக்கம்.
செவ்வாய் வரை கணக்கு
உதைக்கத்தான் செய்கிறது.