பின்பக்கம்

நாற்பத்தொன்றாம் எண் வீடு, மிசஸ் ஸ்லாட்டரிக்கு.

முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் அச்சடித்தது.
உங்கள் பக்கத்து வீட்டுப் புல்தரைக்கு
மருந்து அடிக்கப்போகிறோம்.
நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே
சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம்.
மே பன்னிரண்டு.
மழை என்றால் பதினான்கு.
அன்றும் மழை என்றால் பத்தொன்பது.
மருந்தின் பெயர் கட்டத்துக்குள் அடங்காமல்
ஓரத்தில் ஏறிப் போயிருக்கும்.
நீளமான பெயர். என் கையெழுத்தும் அப்படி.

ஜன்னல்களைச் சாத்துங்கள் என்றிருக்கிறது.
பொம்மைகளை உள்ளே எடுத்து வையுங்கள்.
நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.
தேனீக்களை என்ன செய்வதென்று
எந்த வரியிலும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

வேலியோரம் வெள்ளைப் பெட்டிகள் நான்கு.
போன வருஷம் ஐந்து.

என் பெயர் டேரில் வோய்ச்சிக்.
பச்சை லாரி, பின்னால் தொட்டி,
காதில் இரைச்சல் தடுக்கும் மூடி.
ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே இந்தத் தெருக்களில்
பதினோரு வசந்தமாக
நாய்கள் என்னைப் பார்த்துக் குரைக்கின்றன,
குழந்தைகள் கையசைக்கிறார்கள்.

போன மே மாதம் நடந்ததை எழுத
முன்பக்கத்தில் கட்டம் இல்லை.

முதல் தேதி மழை. இரண்டாம் தேதியும் மழை.
மூன்றாம் தேதி வெயில் எல்லாருக்கும் பொதுவாக வந்தது.
நீங்கள் கொடியில் படுக்கை விரிப்புகளைக்
காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள்.
ஒன்பது நாள் பழைய தாளை
யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?
நீலக்கோடு போட்ட விரிப்பு ஒன்று
வேலிக்கு மேல் எழுந்து எழுந்து
என்னைப் பார்த்தது.
நீங்கள் பார்க்கவில்லை.
வாயில் இரண்டு கிளிப், முதுகு என் பக்கம்.

கூப்பிட்டிருக்கலாம்.
காது மூடியைக் கழற்றவே இல்லை நான்.
அடித்தேன். பன்னிரண்டு நிமிஷம்.
சட்டப்படி சொல்லியாயிற்று அல்லவா,
கதவிடுக்கில் செருகியாயிற்று அல்லவா.
பிறகு மஞ்சள் கொடியை நட்டேன்,
எழுத்து தெருவைப் பார்க்கும்படி.
தெருவில் யாரும் இல்லை.

நாற்பத்துமூன்றாம் எண் ஃபெர்ரான்டே நல்ல மனிதர்.
களை முளைத்தால் வீட்டின் களை போய்விடும்
என்பது அவர் கட்சி.
என்னை விட்டுவிட்டால் அவரே கடைக்குப் போவார்.
அங்கே அதே மருந்து சின்னப் புட்டியில்.
அலமாரியில் ஒட்டிய எச்சரிக்கையை
நாய் பிஸ்கட் விளம்பரம் பாதி மறைத்திருக்கிறது.
போன சனிக்கிழமை அதை நகர்த்தி வைத்தேன்.
இந்தச் சனிக்கிழமை
பழைய இடத்துக்கே வந்திருந்தது.

உங்கள் பெட்டிகளுக்கும் அவருடைய டான்டெலியன் பூக்களுக்கும்
நடுவே ஒரு பாதை உண்டு, தெரியுமா?
நான் நிற்கும் இடத்தில்
சரியாக என் தொப்பிக்கு மேலே போகிறது.
ஒன்றுகூட இதுவரை என்னைக் கொட்டியதில்லை.

ஐந்தாவது பெட்டி காலியானதற்குக்
குளிர் காரணமாக இருக்கலாம்.
பூச்சிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
எத்தனை அவுன்ஸ் என்பதுதான்.
ஆனாலும் பிப்ரவரியில் நீங்கள் அதைத்
தனியாகக் கராஜுக்கு இழுத்துப் போனதை
லாரிக்குள்ளிருந்து பார்த்தேன்.
அது எனக்கு வேலையில்லாத மாதம்.
இந்தத் தெருவுக்கு ஏன் வந்தேன் என்று
என் மனைவியும் கேட்டாள்.

மூன்றாவது தேதியை அடித்திருக்கிறேன்.
அடிப்பதுதானே என் வேலை.
பத்தொன்பதாம் தேதி வரமாட்டேன்.
முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.
பன்னிரண்டோ பதினான்கோ, வந்தால்
மாலை ஏழுக்கு மேல் வருகிறேன்,
அவை வீடு திரும்பிய பிறகு.
முதலில் உங்கள் கதவைத் தட்டுவேன்.
நீங்கள் திறக்கும்வரை வால்வு மூடியே இருக்கும்.
கோபமாகத் திறந்தாலும் சரி.

இந்தத் தாளை வெளியே விட்டுவிடாதீர்கள்.
வானம் கறுக்கிறது.
அச்சு எழுத்து மழைக்கு நிற்கும்.
இந்தப் பக்கத்து மை நிற்காது.